மாதிரிப் பத்திரிகையில் மணமகன் இல்லை

கல்யாணப் பத்திரிகையை யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. கையில் வாங்கியதும் தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வந்திருந்தால், யார் பெயருக்குக் கீழே என்று பார்ப்பார்கள். அப்புறம் சாப்பாடு எந்த வேளை. மணமக்களின் பெயருக்கு வருவதற்குள் பாதிப் பேர் அட்டையை உறைக்குள் போட்டுவிடுவார்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கல்கத்தாத் தமிழர்களின் பத்திரிகைகளை முதல் வரியிலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பதே என் உத்தியோகமாக இருந்தது.

தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். என்ன எழுதுவது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் சால்ட் லேக்கிலிருந்து ஒரு பெண்ணும் அவள் கட்டிக்கொள்ளப்போகும் பையனும் வந்தார்கள். பத்திரிகையைத் தாங்களே போனில் வடிவமைத்திருந்தார்கள். "ஆன்ட்டி, தமிழை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க. எனக்குப் பேசத்தான் வரும், படிச்சா மூச்சு வாங்கும்" என்றாள் அந்தப் பெண். பார்த்தேன். பெண்ணின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, பூவேலைக்கு நடுவில், 'மணமகன் பெயர் இங்கே' என்று இருந்தது.

"அது டெம்ப்ளேட் ஆன்ட்டி. இவன் பேரை எப்படி எழுதறதுன்னு தெரியாம விட்டுவச்சிருக்கேன்."

நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"என்ன ஆன்ட்டி, தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்து வீட்டில் ஒரு வாரம்கூட உட்கார முடியாமல் பவானிபூரில் ஓர் அச்சகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். பஞ்சு வைத்த கல்யாண அட்டை, உறை, தாம்பூலப் பை எல்லாம் அங்கே கிடைக்கும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பத்திரிகையை மதராஸில் அடித்துத் தருவிப்பதைப் பார்த்து, முதலாளி ஹரிபதபாபு மதராஸிலிருந்து தமிழ் எழுத்துகளை வரவழைத்துவிட்டார். வரவழைத்த பிறகுதான் அதைப் படிக்க ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. நான் போய் நின்றபோது என் சர்டிபிகேட்டை அவர் பார்க்கவே இல்லை. ஒரு பத்திரிகையைக் கொடுத்து, "படி மா" என்றார். படித்தேன். ஒரு சொல்லும் புரியாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "நாளைக்கு வந்துடு" என்றார். ஒரு பூஜை சீசன் முடிவதற்குள் வேலை பழகிவிட்டது.

ஹரிபதபாபு மை வேலை நடக்கும் இடத்தில் வெள்ளை வேட்டியில் உலவுவார். ஒரு சொட்டுக் கறை இருக்காது. அட்டை பார்க்க வருகிறவர்களுக்கு உடனே ஆல்பத்தைக் கொடுக்க மாட்டார். முதலில் டீ. அப்புறம் ஒரே கேள்வி. எத்தனை அட்டை வேண்டும் என்று கேட்கவே மாட்டார். "யார் யார் கோபிச்சுக்குவாங்க?" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பிப்பார்கள்: பெரியப்பா, மூத்த மாப்பிள்ளை, கீழ்வீட்டு மல்லிக்பாபு குடும்பம். அந்தப் பேச்சு முடிவதற்குள் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்கு நேரில் போய்த் தரவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ஒரே ஓர் அட்டையை எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அவர்கள் கையில் வைப்பார். பத்தில் எட்டுப் பேர் அதையே எடுத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கோ எதையும் இருந்தபடி விட முடியாது. நீல மையில் அடிக்கலாம், ஓரப் பூ வேண்டாம், நடுவில் நிறைய வெள்ளை விடலாம் என்று தினம் ஒரு யோசனை கொண்டுபோவேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். "ரொம்ப நல்லா இருக்கு மா. உன் கல்யாணத்துக்கு அப்படியே அடிச்சிடுவோம்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடியும்.

அச்சுக்கோர்க்கும் பகுதிக்குத் தலைவர் நிர்மல்தா. வங்காளத்தில் வயதில் மூத்த ஆண்பிள்ளை யாரானாலும் பெயரோடு 'தா' சேர்த்துவிடுவார்கள். அண்ணன் என்று பொருள். பேச்சில் அந்தப் பொருள் தேய்ந்துபோய் வெறும் மரியாதையாகத்தான் நிற்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தமிழ் தெரியாது. ஆனால் தமிழ் எழுத்தை உருவத்தை வைத்தே பழகி, எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எது கிடக்கிறது என்று பார்க்காமலே எடுப்பார். அவரிடம் எனக்கு வந்த முதல் சண்டை மீனால் வந்தது. மைலாப்பூர்க்காரர் ஒருவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலைக்கும் நான்கு அழகான ரோகு மீன் படப் பிளாக்கை வைத்துக் கட்டிவிட்டார்.

"நிர்மல்தா, இது என்ன?"

"மீன். மங்கலம்."

"உங்களுக்கு மங்கலம். இவங்க வீட்ல கல்யாணமே நின்னுடும்."

"கல்கத்தாவில குடியிருந்துக்கிட்டு மீனுக்கு பயப்படுறீங்களே. அது கடிக்காது, ஷாரோதா. காகிதத்துல இருக்கு." என் பெயர் சாரதா. அவர் வாயில் அது ஷாரோதா. மூக்கு வரை கோபம் இருந்தும் சிரித்துவிட்டேன். மீன்கள் போய் வாழைமரங்கள் வந்தன.

அச்சகத்தில் ஒரு முறை உண்டு. புரூஃபைத் தனியாகப் படிக்கக் கூடாது. ஒருவர் புரூஃபைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் எழுதிக்கொடுத்த மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடர வேண்டும். எழுத்தை மட்டுமல்ல, அடித்திருக்கும் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். கமா என்றால் கமா. புள்ளி என்றால் புள்ளி. காலி இடம் வந்தால் 'பாங்கா' என்று சொல்ல வேண்டும், வங்காளத்தில் வெற்றிடம் என்று அர்த்தம். ஹரிபதபாபு இதில் ஒரு சலுகையும் தரமாட்டார். தமிழுக்கு என்னைத் தவிர ஆளில்லை என்பதால், நிர்மல்தா எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டார். பொருள் தெரியாமல், வங்காள உச்சரிப்பில், கோவில் பட்டாச்சார்யா மந்திரம் சொல்கிற கம்பீரத்தோடு வாசிப்பார். "நிகொழும் மொங்கொளகொரமான" என்று அவர் தொடங்கினால் எதிரில் உட்கார்ந்து முகத்தை நேராக வைத்துக்கொள்வது முதல் சில மாதங்கள் பெரும்பாடாக இருந்தது. பிறகு அந்தக் குரலில் கேட்டால்தான் அது தமிழாகவே எனக்குப் பட்டது. இன்றும் யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் என் தலைக்குள் அந்தக் குரல்தான் வாசிக்கிறது.

தமிழுக்கென்று ஆல்பத்தில் வைக்க ஒரு மாதிரிப் பத்திரிகை வேண்டியிருந்தது. நிர்மல்தா கோர்த்துக்கொண்டு வந்தார். மணமகள் இடத்தில் 'சௌபாக்யவதி சாரதா' என்று இருந்தது. மணமகன் இடத்தில் வரிசையாகப் புள்ளிகள்.

"ஏன் என் பேரு?"

"தமிழ்ல நான் பாக்காம கோக்கற பேரு அது ஒண்ணுதான்."

"அப்போ மாப்பிள்ளை?"

"அதை நீதானே சொல்லணும். எனக்கென்ன தெரியும், உங்க பேரெல்லாம்." சொல்லிவிட்டு எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஒரு ராமனையோ கிருஷ்ணனையோ சொல்லியிருக்கலாம். "இப்படியே இருக்கட்டும்" என்றேன். அப்படியே இருந்தது. ஆல்பத்தைப் புரட்டுகிற மாமிகள் எல்லாம் கேட்பார்கள்: "சாரதாவுக்கு எப்பதான் புள்ளி போய்ப் பேரு வரும்?" எனக்குக் காது சிவக்கும். அந்த இடத்தில் எந்தப் பெயர் வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயர்க்காரர் தினமும் எதிரில் உட்கார்ந்து, ஊரார் பெண்களுக்கும் ஊரார் பிள்ளைகளுக்கும் முகூர்த்தம் வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு வங்காளி மாப்பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடுவார்களா? கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்மாதிரி ஒன்று வேண்டும். நம் மனிதர்கள் முன்மாதிரி இல்லாமல் எதையும் செய்ய மாட்டார்கள்.

முன்மாதிரி வந்தது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் பெரிய அதிகாரி சுந்தரேசன் சார். அதே ஆபீசில் என் அப்பா குமாஸ்தா. சுந்தரேசன் சாரின் பெண் விஜி, கூடப் படித்த அசோக் என்ற வங்காளிப் பையனைக் கட்டிக்கொள்கிறாள் என்று தமிழ்க் குடும்பங்களில் பேச்சு அடிபட்டது. பிறகு ஒருநாள் அட்டை பார்க்க விஜியே வந்தாள். கூட வருங்கால மாமியார் சுப்ரபா லாஹிரி. கணவர் இல்லை. ஒரே பிள்ளை. வாய் ஓயாத மனுஷி. வங்காளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டும் ஒரே அட்டையில் அடிக்க வேண்டும் என்றார். மீன் போட்ட அட்டையைத்தான் முதலில் கையில் எடுத்தார். விஜி என்னைப் பார்த்தாள். நான் நிர்மல்தாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். கடைசியில் சங்கு போட்ட அட்டை முடிவாயிற்று.

தமிழ் வாசகத்தைச் சுந்தரேசன் சாரே கொண்டுவந்தார். "இதிலே ஓர் எழுத்து கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

புரூஃப் வந்தது. உட்கார்ந்தோம். சுந்தரேசன் சாருடைய அப்பா பெயர், ஊர், 'எனது குமாரத்தி சௌபாக்யவதி விஜயாவை' எல்லாம் வாசித்துக்கொண்டே வந்த நிர்மல்தா, 'சிரஞ்சீவி அசோக்குக்கு' என்ற இடத்தில் நின்றுவிட்டார். பொருள் தெரியாவிட்டாலும் பத்திரிகையின் நடை அவருக்கு மனப்பாடம்.

"ஒரு வரி விட்டுப்போச்சு. இன்னாரோட குமாரன்னு வருமே."

"விடலை. அவர் எழுதவே இல்லை."

அவர் புரூஃபை மேஜைமேல் வைத்தார். சுந்தரேசன் சாரின் சொந்த ஊரான கும்பகோணத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு அசோக் என்றால் எந்த ஊர் அசோக்காகவும் இருக்கலாம். லாஹிரி என்று ஒரு வரி வந்தால்தான் விஷயம் தெரியும். சுந்தரேசன் சார் அந்த வரியை மட்டும் எழுதவில்லை.

அடுத்த நாளே சுப்ரபா மாஷிமா புரூஃப் பார்க்க வந்துவிட்டார். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு உருண்டை உருண்டையா இருக்கு உங்க எழுத்து, சந்தேஷ் இனிப்பு அடுக்கின மாதிரி" என்றார். பிறகு, "என் பேரு எங்க இருக்கு? விரலை வச்சுக் காட்டு மா."

நான் அசோக் பெயரில் விரலை வைத்தேன். "இது உங்க பிள்ளை."

"அவன் பேரு இல்லாம கல்யாணமா? அது தெரியும். என் பேரு எங்க? அவன் அப்பா பேரு?"

என் விரல் அந்த இடத்திலேயே நின்றது. நிர்மல்தாதான் சொன்னார்: "இன்னும் கோக்கலை மாஷிமா. லா எழுத்து தீந்துபோச்சு. மதராஸ்ல இருந்து வரணும்."

"வந்ததும் சொல்லி அனுப்பு. ஓடி வந்துடறேன்" என்று படியிறங்கிப் போனார். லா எழுத்து பெட்டி நிறைய இருந்தது.

ஹரிபதபாபுவிடம் சொன்னோம். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "கல்யாணம் ஒண்ணு, வீடு ரெண்டு. ரெண்டு வீடும் கையெழுத்துப் போடாம மெஷின்ல ஏறாது. அதானே நம்ம வழக்கம். அவரை வரச்சொல்லு. அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டு வை" என்றார்.

சுந்தரேசன் சார் வந்தபோது லோட்ஷெட்டிங். மின்விசிறி இல்லை. காலால் மிதிக்கிற டிரெடில் மெஷின் மட்டும் உள்ளே யாருடைய விசிட்டிங் கார்டையோ அடித்துக்கொண்டிருந்தது. ஹரிபதபாபு டீ கொடுத்தார். "ஒரு தடவை வாசிச்சுக் காட்டறோம். எல்லாருக்கும் செய்யறதுதான்" என்றார். நிர்மல்தா வாசித்தார். தன் தகப்பனார் பெயரையும் காவிரிக் கரை ஊரையும் ஒரு வங்காளி மந்திரம் மாதிரி வாசிப்பதைக் கேட்டு சுந்தரேசன் சாரின் முகம் முதலில் இளகியது. விஜயாவின் பெயர் வந்தது. அதற்குப் பிறகு நிர்மல்தா, குரலை ஏற்றவும் இல்லை இறக்கவும் இல்லை, "பாங்கா" என்றார். ஒரு மூச்சு விட்டு, "சிரொஞ்ஜீபி அஷோக்."

"அது என்ன பாங்கா?"

"காலி இடம் சார். மாப்பிள்ளையோட அப்பா அம்மா பேர் வர இடம்" என்றேன்.

"நான் இடம் விடச் சொல்லலையே."

ஹரிபதபாபு அமைதியாகச் சொன்னார்: "மூடச் சொன்னா மூடிடறோம். ரெண்டு நிமிஷ வேலை. அந்த அம்மாவும் பாத்துக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். அவங்க வந்து தன் பேரு எங்கன்னு கேட்டாங்க."

 சுந்தரேசன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். யாரிடம் என்றில்லாமல், "ஊர்ல படிப்பா" என்றார். பிறகு, "அக்கா இருக்கா. அவதான் முதல்ல படிப்பா."

"யார் யார் கோபிச்சுக்குவாங்க?" என்று ஹரிபதபாபு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எல்லாரும்தான்."

"அப்போ அட்டை மிச்சம்" என்றார் ஹரிபதபாபு.

சுந்தரேசன் சார் அவரை முறைத்தார். பிறகு அவரை மீறி ஒரு சிரிப்பு வந்தது. வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே என்னிடம், "அந்தம்மா பேர் என்ன?" என்று கேட்டார். நிச்சயம் முடிந்து இத்தனை நாளாகிறது, சம்பந்தியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். மாஷிமாவின் கணவர் பெயரையும் கேட்டுக்கொண்டு, தன் பேனாவை எடுத்து, காலஞ்சென்ற இன்னார், ஸ்ரீமதி சுப்ரபா லாஹிரி இவர்களின் குமாரன் என்று புரூஃபில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பேர் போடுங்கோ. மீன் மட்டும் வேண்டாம்."

அன்று நான் தரையில் நடக்கவில்லை. அந்த வரியை நிர்மல்தாவே கோர்த்தார். சுப்ரபா மாஷிமா வந்து என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்து, 'லா' எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். முதல் அட்டை மெஷினிலிருந்து வந்ததும் நிர்மல்தா ஈரம் காய விசிறிக்கொண்டே கேட்டார்: "உங்க அப்பாவுக்கும் அவர்தானே அதிகாரி?"

"ஆமாம்."

"அப்பாவுக்கும் இது போகுமில்ல?"

"போகும். அதுக்கு முன்னாடி நானே கொண்டுபோய்க் காட்டப்போறேன். இன்னிக்கே."

அவர் அட்டை அடுக்கைப் புரட்டினார். மிகச் சுத்தமான ஓர் அட்டையாகத் தேர்ந்தெடுத்து, நல்ல காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, எதையும் தாண்டாமல் படித்தார். அச்சகத்துக்கு வெளியே அப்படிப் படித்தவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். லாஹிரி வரியில் நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. படித்து முடித்து, அட்டையை மடிப்புக் கலையாமல் மூடினார்.

"நன்னா அடிச்சிருக்கேள்."

"பாத்தியாப்பா, அவாளோட பேரெல்லாம் போட்டிருக்கார்."

"அவர் ஆபீசர்மா" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. "அவர் எதை வேணும்னாலும் போட்டுக்கலாம். ஊர்ல நாலு நாள் பேசுவா. அப்புறம் அவாளே வந்து பிள்ளைக்கு வேலை கேட்டு நிப்பா. நாம போட்டா வர்றதுக்கு ஆள் இருக்காது. உன் தங்கைகளுக்கு வரனும் இருக்காது." கண்ணாடியைக் கழற்றினார். நான் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஆல்பத்து மாதிரிகள் பழசாகிவிட்டன என்று ஹரிபதபாபு எல்லாவற்றையும் மறுபடி அடிக்கச் சொன்னார். தமிழ் மாதிரியின் புரூஃப் வந்தது. மூலம் என் கையில். நிர்மல்தா வாசித்தார். "ஷௌபாக்யொபோதி ஷாரோதா" என்றார். அடுத்தது புள்ளிகள். மூலத்தை வைத்திருப்பவர் 'நில்லு' என்றால் நிற்க வேண்டும், திருத்தம் சொன்னால் திருத்த வேண்டும். அதுவும் முறைதான். அவர் அவசரப்படவில்லை. "புள்ளி" என்றார். நிமிர்ந்து பார்த்தார். "புள்ளி. புள்ளி." ஒவ்வொன்றுக்கும் இடையில் நேரம் கொடுத்தார். கடைசிப் புள்ளிவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. மூலத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

பின்னால் எனக்கும் கல்யாணம் நடந்தது. என் கணவர் கல்கத்தாவிலேயே வங்கி வேலையில் இருந்தார், நல்ல மனிதர், நான் வேலையை விடவேண்டியிருக்கவில்லை. எண்பதுகள் முழுக்க அதே மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ கல்யாணங்களை நானும் நிர்மல்தாவும் வாசித்துச் சரிபார்த்தோம். அவரும் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மாதிரிப் பத்திரிகையை யாரும் மாற்றவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் பத்திரிகையை மதராஸில் சித்தப்பா அடித்து அனுப்பினார். ஓரப் பூ, சிவப்பு மை, வெள்ளையே விடவில்லை. எனக்குப் புரூஃப் வரவில்லை. அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். ஹரிபதபாபு அட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மதராஸ் காகிதம்" என்று மட்டும் சொன்னார். பிறகு நிர்மல்தாவிடம் கொடுத்தேன். அவர் எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். என் கையில் மூலம் எதுவும் இல்லை. அவர் முதல் வரியிலிருந்து வாசித்தார். கமா எல்லாம் சொன்னார். என் பெயரைச் சொன்னார். அதற்கு அடுத்த இடத்தில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டாமல், ஒரு தடவைகூடத் தடுமாறாமல் வாசித்தார். கடைசிப் புள்ளியையும் சொன்னார்.

"தப்பு ஒண்ணும் இல்லை" என்று அட்டையை மூடி, வழக்கம்போல என் பக்கம் நகர்த்தினார்.

"இது புரூஃப் இல்லை, நிர்மல்தா" என்றேன். "உங்களுக்குத்தான்."